ஜெய்சங்கர் இருக்கும்போது சீனாகிட்ட எல்லைப் பிரச்சனை பேச தோவல் ஏன் போறாரு?

கேள்வி இதுதான்: வெளியுறவுத் துறைக்குன்னு ஒரு மந்திரி இருக்காரு, அவரே பெய்ஜிங்ல நம்ம தூதரா இருந்தவரு, அப்படியிருக்க எல்லைப் பேச்சுவார்த்தைக்கு மட்டும் போலீஸ் சர்வீஸ்ல இருந்து வந்த தேசிய பாதுகாப்பு ஆலோசகர் அஜித் தோவல் ஏன் போறாரு, அப்போ நம்ம வெளியுறவுக் கொள்கைய உண்மையில யாரு முடிவு பண்றது?

நான் அண்ணா நகர்ல சிவில் சர்வீஸ் எழுதற பசங்களுக்கு சர்வதேச உறவுகள் பாடம் எடுக்கறேன். சீனா பேச்சுவார்த்தைன்னு பேப்பர்ல செய்தி வந்தா மறுநாள் கிளாஸ்ல யாராவது ஒருத்தர் இதே கேள்விய கேட்டுடுவாங்க. நான் பதிலுக்கு ஒரு வேலை குடுப்பேன், தேசிய பாதுகாப்பு ஆலோசகர், அதாவது என்எஸ்ஏ, அவரோட அதிகாரம் என்னன்னு பார்லிமெண்ட் போட்ட சட்டத்துல காட்டுங்கன்னு. ஆளுக்கு ஒரு போனை எடுத்து பத்து நிமிஷம் தேடுவாங்க. கிடைக்காது, ஏன்னா அப்படி ஒரு சட்டமே கிடையாது.

முதல்ல நேர் பதிலை சொல்லிடறேன். தோவல் பெய்ஜிங் போறது என்எஸ்ஏங்கற பதவியில இல்ல. 2003ல உருவாக்கின "சிறப்புப் பிரதிநிதி"ங்கற நாற்காலி ஒண்ணு இருக்கு, அதுல உட்காரத்தான் போறாரு. முதல்ல அதுல உட்கார்ந்தவரு அப்போ என்எஸ்ஏவா இருந்த பிரஜேஷ் மிஸ்ரா, அதுக்கப்புறம் தீட்சித், எம்.கே.நாராயணன், சிவசங்கர் மேனன், இப்போ தோவல்னு வரிசையா யார் என்எஸ்ஏவோ அவங்களே அதையும் பார்க்கறது வழக்கமாயிடுச்சு. ஆனா 2003ல வாஜ்பாய் ஏன் மந்திரிக்குக் குடுக்காம மிஸ்ராவுக்குக் குடுத்தாருங்கறதுலதான் உங்க கேள்விக்கு உண்மையான பதிலே இருக்கு, அதுக்கு கொஞ்சம் பின்னாடி போகணும்.

1970 மே தினம், தியானன்மென் மேடை. வெளிநாட்டுத் தூதர்களை எல்லாம் வரிசையா நிக்க வெச்சிருக்காங்க. 62 சண்டைக்கு அப்புறம் நமக்கும் சீனாவுக்கும் தூதர் அளவுல உறவு இல்ல, அதனால இந்தியா சார்புல அங்க நின்னது பொறுப்புத் தூதர், பேரு பிரஜேஷ் மிஸ்ரா. மாவோ ஒவ்வொருத்தருக்கா கை குடுத்துட்டு வர்றாரு, மிஸ்ராகிட்ட வந்ததும் நின்னு சிரிச்சு, எத்தனை நாளைக்கு இப்படி சண்டை போட்டுட்டே இருக்கறது, மறுபடி நண்பர்களாகணும்ங்கற மாதிரி பேசினாரு. நாங்க இன்னைக்கே தயார்னு மிஸ்ரா பதில் சொன்னதா பிற்பாடு அவரே சொல்லியிருக்காரு. டெல்லிக்குத் தந்தி பறந்துச்சு. அங்க பாதிப் பேரு இந்தச் சிரிப்பை எவ்வளவு தூரம் நம்பறதுன்னு யோசிச்சாங்க. அடுத்த வருஷமே பங்களாதேஷ் விவகாரம் வந்துடுச்சு, தூதர்கள் திரும்பப் போக 1976 ஆயிடுச்சு. மந்திரி, செயலாளர், கமிட்டின்னு படி ஏறி இறங்கறதுக்குள்ள ஒரு சந்தர்ப்பம் எப்படி நழுவிப் போகும்னு கண்ணால பார்த்த ஆளு மிஸ்ரா, இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

அப்புறம் 1998. மே மாசம் பொக்ரான், அணுகுண்டு சோதனை. உலகமே நம்ம மேல பாயுது. அந்த வருஷம் நவம்பர்ல வாஜ்பாய் அரசாங்கம் தேசிய பாதுகாப்புக் கவுன்சில் அமைக்கிறதா அறிவிச்சுது, அதோட முதல் என்எஸ்ஏ மிஸ்ரா. அவரு அதுக்கு முன்னாடியே பிரதமரோட முதன்மைச் செயலாளர். ரெண்டு தொப்பியும் ஒரே தலையில. பிரதமர் மேசைக்குப் போற ஃபைலும் அவர் கையால, உளவுத் தகவலும் அவர் வழியா. சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கணும்னு சொல்வாங்கல்ல, இங்க பூசாரி, தர்மகர்த்தா ரெண்டும் ஒரே ஆளு. கார்கிலுக்கு அப்புறம் ஆய்வு பண்ணின கே.சுப்ரமணியம் கமிட்டி, என்எஸ்ஏன்னா அது முழு நேர வேலை, அதுக்குன்னு தனியா ஒருத்தர் இருக்கணும்னு எழுதிக் குடுத்துச்சு. (இந்த சுப்ரமணியம் நம்ம திருச்சியில பொறந்தவரு, ஜெய்சங்கரோட அப்பா. உங்க கேள்வியில மகன் பேரு, பதில்ல அப்பா பேரு, வேடிக்கைதான்.) ஆனா வாஜ்பாய் கேட்கல. 2004ல ஆட்சி போற வரைக்கும் மிஸ்ரா ரெண்டையும் வெச்சிருந்தாரு.

சீனா எல்லை விஷயத்துல அப்போ நிலைமை என்னன்னா, 1988ல ராஜீவ் காந்தி பெய்ஜிங் போனதுல இருந்து வெளியுறவுச் செயலாளர் மட்டத்துல ஒரு கூட்டுக் குழு பேசிட்டே இருந்துச்சு. வருஷக்கணக்கா பேசி, நடுப்பகுதிக்கு மட்டும், அதாவது பெருசா தகராறு இல்லாத இடத்துக்கு மட்டும், 2000ல ரெண்டு பேரும் அவங்கவங்க மேப்பைக் குடுத்து வாங்கிக்கிட்டாங்க. லடாக் பக்கத்து மேப்புன்னு வந்ததும் 2002ல அப்படியே நின்னுபோச்சு. அதிகாரிங்க மட்டத்துல இதுக்கு மேல நகராதுன்னு தெளிவாயிடுச்சு, ஏன்னா எந்த அதிகாரி ஒரு கோட்டை அரை இன்ச் நகர்த்தறேன்னு தன் பேர்ல எழுதிக் குடுப்பாரு? 2003 ஜூன்ல வாஜ்பாய் பெய்ஜிங் போனப்போதான் இந்த யோசனை வந்துச்சு, ரெண்டு தலைவர்களும் ஆளுக்கு ஒருத்தரை நியமிக்கணும், அவங்க நேரா தலைவருக்காக பேசணும், சர்வே அளவுகளை விட்டுட்டு அரசியல் ரீதியா பேசணும். நம்ம பக்கம் மிஸ்ரா, அந்தப் பக்கம் தை பிங்குவோ.

இதுல ஏன் மந்திரி இல்லன்னா, மந்திரின்னா பார்லிமெண்ட்ல எழுந்து நின்னு பதில் சொல்லணும். 1962 நவம்பர் 14ல ஆக்கிரமிப்பாளரை நம்ம மண்ணுல இருந்து விரட்டுவோம்னு லோக்சபா ஒரு தீர்மானம் போட்டுச்சு, அது இன்னும் அப்படியேதான் இருக்கு. வெளியுறவு மந்திரி பெய்ஜிங்ல உட்கார்ந்து "ஒரு பேச்சுக்கு, இந்தப் பக்கம் இப்படி விட்டா அந்தப் பக்கம் என்ன தருவீங்க"ன்னு வாயைத் திறந்தாலே போதும், விமானம் டெல்லியில இறங்கறதுக்குள்ள ராஜினாமா கேட்டுடுவாங்க. என்எஸ்ஏவுக்கு அந்தத் தொல்லை இல்ல. அவரு எம்பியா இருக்கணும்னு அவசியம் இல்ல, கேள்வி நேரம் இல்ல, தொகுதி இல்ல. அவரு பேசினது வேலைக்கு ஆகலைன்னா பேசவே இல்லைன்னு விட்டுடலாம். வேலைக்கு ஆச்சுன்னா பிரதமர் வந்து கையெழுத்துப் போடுவாரு. எதிர்ல உட்கார்ந்திருக்கற சீனாக்காரனுக்கும் இது தெரியும், இவரு சொல்றது வெளியுறவுத் துறை எழுதிக் குடுத்த பேப்பர் இல்ல, இவரு கார்ல ஏறி நேரா போய் பிரதமர்கிட்ட சொல்லப் போறாருன்னு.

சரி, இந்த வழியில ஏதாவது கிடைச்சுதான்னு கேட்டா, எல்லை தீரல, ஆனா ரெண்டு விஷயம் கிடைச்சுது, ரெண்டும் பிற்பாடு உதவிச்சு. ஒண்ணு 2005 ஏப்ரல்ல சீனப் பிரதமர் வென் ஜியாபாவோ டெல்லி வந்தப்போ போட்ட ஒப்பந்தம், எல்லைத் தீர்வுக்கான அரசியல் அளவுகோல்கள்னு. அதுல ஏழாவது பிரிவு எல்லைப் பகுதியில குடியிருக்கற மக்களோட நலனைப் பாதுகாக்கணும்னு சொல்லுது. படிக்க சாதாரண வரிதான், ஆனா இதுக்கு நம்ம அர்த்தம் அருணாச்சலப் பிரதேசத்துல இருக்கற தவாங் எங்களுது, அங்க ஜனங்க குடியிருக்காங்க, அது பேரத்துல வராதுங்கறது. சீனா அப்புறம் இந்த அர்த்தத்துல இருந்து நழுவிடுச்சு, அது தனிக் கதை. இன்னொண்ணு 2012ல மேனன் காலத்துல சிறப்புப் பிரதிநிதிகள் எழுதி வெச்ச ஒரு புரிந்துணர்வு, மூணு நாட்டு எல்லை சேர்ற முச்சந்தி எதுன்னு அந்த மூணாவது நாட்டையும் கேட்டுதான் முடிவு பண்ணணும்னு. அஞ்சு வருஷம் கழிச்சு 2017ல டோக்லாம்ல சீன ராணுவம் ரோடு போட வந்தப்போ, பூடான் இடத்துல இந்தியாவுக்கு என்ன வேலைன்னு அவங்க கேட்டாங்க. நம்ம வெளியுறவுத் துறை ஜூன் 30 அன்னைக்கு வெளியிட்ட அறிக்கையில எடுத்துக் காட்டினது இந்த 2012 வரியைத்தான். 73 நாள் நேருக்கு நேர் நின்னாங்க, நடுவுல ஜூலைல பிரிக்ஸ் கூட்டத்துக்குன்னு தோவல் பெய்ஜிங் போயிட்டு வந்தாரு.

இப்போ அந்தப் பதவியோட உள் கட்டமைப்புக்கு வர்றேன். எங்க ஊர் பக்கம் பெரிய பண்ணை வீடுகள்ல காரியஸ்தர்னு ஒருத்தர் இருப்பாரு. அவருக்குன்னு ஒரு சென்ட் நிலம் இருக்காது, ஆனா குத்தகைக்காரன்ல இருந்து தாசில்தார் ஆபீஸ் வரைக்கும் எல்லாரும் முதல்ல அவரைத்தான் பார்ப்பாங்க. பண்ணையாருக்கு அவர் மேல நம்பிக்கை போன அன்னைக்கு அவரு வெறும் ஆளு. என்எஸ்ஏ கிட்டத்தட்ட அதுதான். வெளியுறவுத் துறைக்கு நாடு நாடா தூதரகம் இருக்கு, பாதுகாப்புத் துறைக்குப் படை இருக்கு, இவருக்கு இருக்கறது ஒரு செயலகமும் பிரதமரோட காதும்தான். ஆனா அந்தக் காதைச் சுத்தி கொஞ்சம் கொஞ்சமா நிறைய சேர்ந்துடுச்சு. 2003 ஜனவரியில அணு ஆயுதக் கட்டளை ஆணையத்தை அறிவிச்சப்போ அதோட நிர்வாகக் கவுன்சிலுக்குத் தலைவர் என்எஸ்ஏன்னு வெச்சாங்க. 2018ல வியூகக் கொள்கைக் குழுன்னு ஒண்ணை மாத்தி அமைச்சப்போ, அதுவரைக்கும் கேபினட் செயலாளர் உட்கார்ந்த தலைமை இடத்துல என்எஸ்ஏவை உட்கார வெச்சாங்க. இதைப் பேப்பர்ல சின்னதாதான் போட்டாங்க, ஆனா டெல்லி அதிகார வர்க்கத்துல கேபினட் செயலாளர் ஒருத்தரோட கூட்டத்துக்கு உறுப்பினரா போறதுன்னா அது சாதாரண விஷயம் இல்ல. 2019ல தோவலுக்கு கேபினட் அந்தஸ்தும் வந்தாச்சு. ஒரு சட்டம் கூட மாறல, ஆனா பதவி வளர்ந்துடுச்சு.

இந்தப் பதவி அமெரிக்காவுல இருந்து வந்த சரக்கு, அங்கயும் இதே கதைதான். ட்ரூமன் 1947ல போட்ட தேசிய பாதுகாப்புச் சட்டத்துல கவுன்சில் இருக்கு, சிஐஏ இருக்கு, ஆனா பாதுகாப்பு ஆலோசகர்னு ஒரு ஆளு கிடையாது. 1953ல ஐசனோவர் வந்துதான் ராபர்ட் கட்லர்னு பாஸ்டன் பேங்க்காரர் ஒருத்தரை அதுக்குன்னு வெச்சாரு. கட்லர் பெரும்பாலும் கூட்டத்தை ஒழுங்குபடுத்தற ஆளுதான். 1961ல கியூபா படையெடுப்பு சொதப்பின பிறகு கென்னடி தன்னோட ஆலோசகர் பண்டியை வெள்ளை மாளிகையோட மேற்குப் பகுதிக்குள்ளயே கொண்டுவந்துட்டாரு, கூடவே சிச்சுவேஷன் ரூமும் வந்துச்சு. உலகம் முழுக்க இருந்து வர்ற தந்தி இப்போ வெளியுறவுத் துறைக்கு மட்டும் இல்ல, நேரா இங்கயும் வருது. மந்திரி ஆபீஸ் தெரு தள்ளி இருக்கு, ஆலோசகர் ஆபீஸ் படியிறங்கினா இருக்கு. பாதி அதிகாரம் அந்த நடை தூரத்துலயே முடிவாயிடுச்சுன்னு நான் சொல்வேன்.

அதோட உச்சம் பிரசிடெண்ட் நிக்சனோட ஆலோசகர் கிஸிஞ்சர். நமக்கும் அவருக்கும் நேரடி கணக்கு இருக்கறதால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். 1971 ஜூலை முதல் வாரம் டெல்லி வந்தாரு, இந்திரா காந்தியைப் பார்த்தாரு, அகதிங்க லட்சக்கணக்குல வந்துட்டிருக்காங்கன்னு இவங்க சொல்ல அவரு கேட்டுக்கிட்டாரு. இங்கிருந்து பாகிஸ்தான். அங்க விருந்துல வயிறு சரியில்லைன்னு ஒரு நாடகம். நதியாகலிங்கற மலை ஊர்ல ஓய்வெடுக்கப் போறாருன்னு சொல்லி அவர் போற மாதிரி கார் வரிசையை அனுப்பிட்டாங்க. ஆளு விடியக்காலையில பாகிஸ்தான் ஏர்லைன்ஸ் போயிங்ல ஏறி இமயமலையைத் தாண்டிட்டாரு. பறக்கும்போதுதான் தெரியுது மாத்துச் சட்டையை எடுத்து வைக்க மறந்துட்டாங்கன்னு, கூட வந்த ஹோல்ட்ரிட்ஜ்ங்கற அதிகாரிகிட்ட கடன் வாங்கிப் போட்டுக்கிட்டாரு. அவரு நல்ல உயரம், இவரு குள்ளம், அதுக்கும் மேல அந்தச் சட்டையில தைவான்ல செஞ்சதுன்னு லேபிள். அதைப் போட்டுக்கிட்டுதான் சீனப் பிரதமர் சூ என்லாய் முன்னாடி உட்கார்ந்து தைவான் பத்திப் பேசினாரு.

சட்டை வேடிக்கைதான், ஆனா வேடிக்கை இல்லாத பாகம் என்னன்னா அமெரிக்காவோட வெளியுறவு மந்திரி வில்லியம் ராஜர்ஸுக்கே கடைசி நேரம் வரைக்கும் இது தெரியாது. இருபது வருஷமா உறவே வெச்சுக்காத ஒரு நாட்டோட அமெரிக்கா பேசப் போகுது, அந்தத் துறை மந்திரிக்குத் தகவல் இல்ல! ஜூலை 15 நிக்சன் டிவியில வந்து அறிவிச்சாரு. அதே மாசம் கிஸிஞ்சர் நம்ம தூதர் எல்.கே.ஜாகிட்ட, பாகிஸ்தானோட சண்டை வந்து சீனாவும் உள்ள வந்தா எங்களை எதிர்பார்க்காதீங்கன்னு சொல்லிட்டாரு. ஆகஸ்ட் 9 டெல்லியில இந்திய சோவியத் ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. அது ரொம்ப நாளா பேச்சுல இருந்ததுதான், கிஸிஞ்சராலதான் வந்துச்சுன்னு சொன்னா தப்பு, ஆனா ஃபைல் வேகமா நகர்ந்ததுக்கு அந்த ஜூலை ஒரு காரணம்.

கிழக்கு பாகிஸ்தான்ல என்ன நடக்குதுன்னு டாக்காவுல இருந்த அமெரிக்கத் தூதரக அதிகாரி ஆர்ச்சர் பிளட்டோட ஆதரவோட, கூட வேலை பார்த்த இருபது பேரு கையெழுத்துப் போட்டு ஏப்ரல்லயே வாஷிங்டனுக்குக் கண்டனத் தந்தி அனுப்பினாங்க, அமெரிக்காவோட கொள்கை தப்புன்னு. களத்துல இருக்கற துறைக்காரன் ஒண்ணு சொல்றான், வெள்ளை மாளிகையில உட்கார்ந்திருக்கற ஆலோசகருக்கு வேற கணக்கு இருக்கு, பெய்ஜிங்குக்குப் போற கதவு பாகிஸ்தான் ஜனாதிபதி யாஹ்யா கான் கையில இருக்கு, அதனால யாஹ்யாவை நோகடிக்கக் கூடாது. யார் சொன்னது எடுபட்டுச்சுன்னு உங்களுக்கே தெரியும். பிளட்டை டாக்காவுல இருந்து தூக்கிட்டாங்க. டிசம்பர்ல சண்டை தொடங்கின அன்னைக்கு நடந்த கூட்டத்துல, இந்தியா மேல போதுமான அளவு கடுமையா இல்லைன்னு பிரசிடெண்ட் அரை மணிக்கொரு தடவை என்னைத் திட்டறாரு, பாகிஸ்தான் பக்கம் சாயணும்ங்கறாருன்னு கிஸிஞ்சர் சொன்னது பிற்பாடு ஜாக் ஆண்டர்சன்ங்கற பத்திரிகைக்காரர் மூலமா வெளியில வந்துடுச்சு. இதைக் கவனிங்க, "வெளியுறவுத் துறை என்ன நினைக்குது"ங்கற பேச்சே இல்ல, "அவரு திட்டறாரு"ங்கறதுதான் காரணம். 1973ல கிஸிஞ்சரே வெளியுறவு மந்திரியும் ஆகி ரெண்டு வருஷம் ரெண்டையும் வெச்சிருந்தாரு. அதுக்கப்புறம் ரெண்டும் ஒரே ஆள்கிட்ட வந்தது 2025 மே மாசம்தான், ஆலோசகர் மைக் வால்ட்ஸ் போனதும் ட்ரம்ப் வெளியுறவு மந்திரி ரூபியோகிட்ட அதையும் குடுத்தாரு.

கட்டுப்பாடு இல்லாம போனா என்ன ஆகும்னு ரீகன் காலத்துல பார்த்தாச்சு. லெபனான்ல பிணைக்கைதிகளை மீட்கறதுக்காக ஈரானுக்கு ஆயுதம் வித்து அந்தக் காசை நிகரகுவா கலகக்காரங்களுக்குத் திருப்பி விட்ட வேலை ஆலோசகர் ஆபீஸ்ல இருந்தே நடந்துச்சு, வெளியுறவு மந்திரியும் பாதுகாப்பு மந்திரியும் வேண்டாம்னு சொன்ன விஷயம். 1986 மே மாசம் முன்னாள் ஆலோசகர் மெக்ஃபார்லேன் ரகசியமா டெஹ்ரானுக்கே போனாரு, கையில ஒரு கேக்கோட. கேக்! அந்த வருஷக் கடைசியில குட்டு உடைஞ்சு ஆலோசகர் பாயின்டெக்ஸ்டர் வெளியேறினாரு. கார்ட்டர் காலத்துல ஆலோசகர் பிரெஜின்ஸ்கிக்கும் வெளியுறவு மந்திரி வான்ஸுக்கும் ஆகாது. ஈரான் பிணைக்கைதி மீட்பு முயற்சிய வான்ஸ் லீவுல இருந்தப்போ நடந்த கூட்டத்துல முடிவு பண்ணிட்டாங்க, அது பாலைவனத்துல எட்டு பேரோட உயிரைக் குடிச்சு முடிஞ்சுது, வான்ஸ் ராஜினாமா. சத்தமே போடாம ரெண்டு பிரசிடெண்டுக்கு இந்த வேலையைப் பார்த்த ஸ்கோக்ராஃப்ட்தான் நல்ல ஆலோசகருக்கு உதாரணம்னு எல்லாரும் சொல்வாங்க, நானும் சொல்வேன், எல்லாத் துறையும் என்ன சொல்லுதோ அதை அப்படியே பிரசிடெண்ட் முன்னாடி வெச்சுட்டு தன் கருத்தைத் தனியா சொல்ற ஆளுன்னு பேரு.

நம்ம ஆளுங்க கேட்காம விடமாட்டீங்க, இலங்கை. 2008, 2009ல டெல்லிக்கும் கொழும்புக்கும் நடுவுல விஷயம் ஓடினது மந்திரிங்க வழியா இல்ல. ரெண்டு பக்கமும் மூணு மூணு பேரு. இந்தியா சார்புல என்எஸ்ஏ எம்.கே.நாராயணன், வெளியுறவுச் செயலாளர் சிவசங்கர் மேனன், பாதுகாப்புச் செயலாளர் விஜய் சிங். அந்தப் பக்கம் பசில் ராஜபக்ச, கோத்தபய ராஜபக்ச, லலித் வீரதுங்க. அந்தப் பக்க மூணுல ரெண்டு பேரு ஜனாதிபதியோட கூடப் பொறந்தவங்க, அதாவது ரெண்டு பக்கமுமே தலைவரோட காதுக்குப் பக்கத்துல இருக்கறவங்க. வேகம்னா வேகம், ஒரு போன்ல முடியும். அப்போ வெளியுறவு மந்திரியா இருந்த பிரணாப் முகர்ஜி 2009 ஜனவரி கடைசியில கொழும்பு போனாரு, செய்தியில அவர் போட்டோ வந்துச்சு. ஆனா ஏப்ரல் 24 நாராயணனும் மேனனும் போய் மகிந்தவைப் பார்த்துட்டு வந்தாங்க, ஏப்ரல் 27 காலையில கருணாநிதி அண்ணா சமாதியில உண்ணாவிரதம் உட்கார்ந்தாரு, அன்னைக்கே இனிமே கனரக ஆயுதமும் விமானத் தாக்குதலும் இல்லைன்னு கொழும்பு அறிவிச்சுது, மதியத்துக்குள்ள உண்ணாவிரதம் முடிஞ்சுது. மே 13 தமிழ்நாட்டுல ஓட்டுப்பதிவு. அதுக்கப்புறம் முள்ளிவாய்க்கால்ல என்ன நடந்துச்சுன்னு நான் சொல்லத் தேவையில்ல.

அந்த ஆறு பேரு என்ன பேசினாங்கங்கறதை பார்லிமெண்ட்ல யாரும் இவங்களைக் கூப்பிட்டுக் கேட்க முடியாது. மந்திரிகிட்ட கேட்டா பொதுவா நாலு வரி வரும். மேல சீனா விஷயத்துல எதை நான் வசதின்னு சொன்னேனோ, அதாவது பதில் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லாதது, அதேதான் இங்க நமக்கு வலிக்குது. தமிழ்நாட்டு லோக்சபா எம்பிக்கள் முப்பத்தொன்பது பேரு டெல்லியில இருந்தும் கொள்கை போன வழியில அவங்களுக்கு ஒரு நாற்காலி கூட இல்ல. இலங்கைப் பாதை இன்னைக்கும் என்எஸ்ஏ கையிலதான் பெரும்பாலும் ஓடுது, கொழும்பு பாதுகாப்பு மாநாடுன்னு இந்தியா, இலங்கை, மாலத்தீவு என்எஸ்ஏக்கள் கூடற அமைப்பை 2020 நவம்பர்ல தோவல் கொழும்பு போய் மறுபடி உயிர்ப்பிச்சாரு, அப்புறம் மொரீஷியஸ், பங்களாதேஷ் எல்லாம் சேர்ந்தாச்சு. மீனவர் பிரச்சனை மட்டும் வெளியுறவுத் துறை ஃபைல்லயே கிடக்கு, எது எந்த மேசைக்குப் போகுதுன்னு பார்த்தாலே டெல்லிக்கு எது முக்கியம்னு தெரிஞ்சுடும்.

"போலீஸ்ல இருந்து வந்தவரு"ன்னு கேள்வியில ஒரு குத்து இருக்கு, அதுக்கும் சொல்லிடறேன். மிஸ்ரா, தீட்சித், மேனன் மூணு பேரும் ஐஎஃப்எஸ், அதாவது வெளியுறவுப் பணி. நாராயணன், தோவல் ஐபிஎஸ், ரெண்டு பேருமே உளவுத் துறை தலைவரா இருந்தவங்க. தூதரா இருந்தவன் பேசப் பார்ப்பான், உளவுக்காரன் சந்தேகப்படுவான்னு ஒரு பொதுவான பேச்சு இருக்கு. எனக்கு அதுல பாதி நம்பிக்கைதான். அமெரிக்காவோட அணுசக்தி ஒப்பந்தத்துக்கு 2007 ஜூலைல வாஷிங்டன்ல உட்கார்ந்து பேரம் பேசின குழுவுல முன்னாடி இருந்தது நாராயணன். தொழில்நுட்பத்துக்குன்னு 2023 ஜனவரியில அப்போ அமெரிக்காவோட பாதுகாப்பு ஆலோசகரா இருந்த ஜேக் சல்லிவனோட ஒரு திட்டத்தைத் தொடங்கினது தோவல், செமிகண்டக்டர், ஜெட் இன்ஜின்னு போற விஷயம், அதுல போலீஸ் வாசனையே கிடையாது. பாகிஸ்தான்னு வந்தா மிஸ்ரா முஷாரஃபோட ஆளு தாரிக் அஜீஸோட கதவுக்குப் பின்னாடி பேசிப் பேசித்தான் 2004 ஜனவரி இஸ்லாமாபாத் கூட்டறிக்கை வந்துச்சு. தோவலும் 2015 டிசம்பர்ல பாகிஸ்தான் என்எஸ்ஏவை பாங்காக்ல போய்ப் பார்த்தாரு, மூணே வாரத்துல மோடி லாகூர்ல இறங்கினாரு, அடுத்த வாரமே பதான்கோட் விமானத் தளத்துல தீவிரவாதத் தாக்குதல், எல்லாம் போச்சு. ஐபிஎஸ்ஸா ஐஎஃப்எஸ்ஸாங்கறதை விட அவருக்குக் காது குடுக்கற பிரதமர் யாருன்னு பார்க்கறதுதான் எனக்கு சரியாப் படுது.

அப்போ ஜெய்சங்கர் சும்மாவான்னு அடுத்த கேள்வி வரும். 2024ஐ மட்டும் வரிசையாப் பாருங்க. கல்வான்ல 2020ல ரத்தம் சிந்தினதுல இருந்து நாலு வருஷம் ராணுவத் தளபதிகளும் வெளியுறவு அதிகாரிகளும் மாத்தி மாத்திப் பேசிட்டு இருந்தாங்க. செப்டம்பர் 12 தோவல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல சீன வெளியுறவு மந்திரி வாங் யீயைப் பார்க்கறாரு. அக்டோபர் 21 ரோந்து விஷயத்துல உடன்பாடுன்னு மைக் முன்னாடி வந்து சொன்னது வெளியுறவுச் செயலாளர் விக்ரம் மிஸ்ரி, அந்த ஜூலை வரைக்கும் அவரு தோவலுக்குக் கீழ துணை என்எஸ்ஏ. அக்டோபர் 23 கசான்ல மோடியும் ஷி ஜின்பிங்கும். நவம்பர்ல ரியோவுல ஜெய்சங்கர் அதே வாங் யீயைப் பார்க்கறாரு. டிசம்பர் 18 தோவல் பெய்ஜிங்ல, சிறப்புப் பிரதிநிதிகளோட 23வது சுற்று, அஞ்சு வருஷ இடைவெளிக்கு அப்புறம்.

அந்த டிசம்பர் 18 சாயங்காலம் ரெண்டு அரசாங்கமும் அறிக்கை விட்டாங்க, கிளாஸ்ல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பசங்களைப் படிக்கச் சொன்னேன். சீனாவோட அறிக்கை, ஆறு விஷயத்துல ஒத்த கருத்து வந்திருக்குன்னு எண்ணிக்கையே போட்டுச் சொல்லுது. நம்ம அறிக்கையில கைலாஷ் யாத்திரை இருக்கு, எல்லை வணிகம் இருக்கு, ஆத்துத் தண்ணி விவரம் பகிர்றது இருக்கு, ஆறுங்கற எண்ணை மட்டும் காணோம்.